பள்ளிவாசல் மாடியில் நான் எழுப்பிய சுவர்

தமிழு, போன வாரம் உன் போனில் நீ வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். பள்ளிவாசல் மாடியில் ஓட்டை ஓட்டையான கற்களை அடுக்கிய ஜாலிச் சுவர் வழியாக வெயில் விழுந்து, தரையெல்லாம் பூக்கோலம் போட்ட மாதிரி கிடக்கிறது. அதற்குக் கீழே "இதைக் கட்டியவர் என் அப்பா" என்று எழுதியிருந்தாய். எடுத்துவிடு என்றேன். ஏன் என்று கேட்டாய். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ இப்போது ஆர்க்கிடெக்ட் ஆபீசில் சேர்ந்திருக்கிறாய். வேலு சைட்டில் சூப்பர்வைசராக நிற்கிறான். இனி உங்களை நான் பிள்ளைகளாக மட்டும் நினைக்க முடியாது, ஒரே தொழிலில் இருக்கிறவர்கள். உங்களோடு வேலைக்குச் சேர்ந்த மற்றப் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

வடக்குத்து ஊர்ப் பக்கம் மெயின் ரோட்டை ஒட்டி அந்தப் பள்ளிவாசல் வந்த கதை உங்களுக்குத் தெரியும். நிலக்கரி மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள் இந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இருந்த சின்னப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு இடம் போதாமல் ரோட்டில் பாய் விரித்தார்கள். பெண்களுக்கு இடமே இல்லை. அப்போதுதான் ஜமாஅத் கமிட்டி பெரிதாகக் கட்டலாம் என்று முடிவு செய்து, சென்னையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்டைக் கூட்டி வந்தது. அந்த அம்மாவை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயசு. தலையில் முக்காடு, காலில் புழுதி படிந்த நீலக் கேன்வாஸ் ஷூ. சைட்டுக்கு வந்தால் சாரத்தில் முதல் ஆளாக ஏறுவார்.

டிராயிங்கைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய கும்பம் மாதிரி குவிமாடம் இல்லை. பச்சை பெயின்ட் இல்லை. நடுவில் தூண் ஒன்றுகூட இல்லாத பெரிய ஹால். முன்சுவரில் ஹஜ்ரத் நின்று தொழுகை நடத்தும் மாடத்துக்கு மேலே, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் நீளமாக ஒரு கீற்று. அதில் வெளிச்சம் வழிந்து இறங்கும். ஹாலின் பின்பக்கம் மாடியில் பெண்களுக்கான இடம். அந்த மாடியின் முன்விளிம்பில், கீழே உள்ள ஹாலைப் பார்த்தபடி, கூரை வரைக்கும் ஜாலிச் சுவர். அவ்வளவுதான். "இதுல பள்ளிவாசல் எங்க இருக்கு?" என்று கொளஞ்சியிடம் சொல்லிச் சிரித்தேன். கொளஞ்சி என்னோடு வெகுநாள் கொத்து வேலை பார்த்தவன். உங்களைத் தோளில் தூக்கி வைத்திருந்தவன்தான்.

அஸ்திவாரம் போடுகிற நாளில் மேடம் ஒரு காரியம் செய்தார். கமிட்டித் தலைவரையும் பாத்திமா டீச்சரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னார். தலைவர் மைன்ஸில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். டீச்சர் டவுன்ஷிப் ஸ்கூலில் கணக்கு எடுத்தவர், பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று கமிட்டியில் சண்டை போட்டு வாங்கியவர். மேடம் டீச்சரைப் பாயில் உட்கார வைத்து, முன்னால் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தி, கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். நிற்க வைத்து ஒரு கோடு. குனிய வைத்து ஒரு கோடு. தலைவரை எதிர்க்கோடியில் கொண்டுபோய் நிறுத்தி, "பாய், நீங்கதான் இப்போ ஹஜ்ரத்" என்றார்.

"தெரியறாரா டீச்சர்?"

"ஹஜ்ரத் தெரியறார். ஹஜ்ரத்தோட தொப்பையும் தெரியுது."

"ரிட்டயர் ஆனவன்மா, கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்" என்று தலைவர் கத்தினார். ஷெட்டே சிரித்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, இந்தச் சுவர் மறைக்கறதுக்கு மட்டும் இல்லைங்க. இது வழியாதான் அவங்க கீழ நடக்கற தொழுகையில சேர்றாங்க. பார்க்கணும், கேட்கணும். ஓட்டை எந்த உயரத்துல ஆரம்பிக்குதுங்கறது முக்கியம். புரியுதுங்களா?"

"சரிங்க மேடம்" என்றேன்.

அப்போது கேட்டில் சிமெண்ட் லாரி வந்து நின்றது. என் கண் லாரியில் இருந்தது. இந்த "சரிங்க" இருக்கிறதே, நம் தொழிலில் இதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க, காதிலேயே விழாவிட்டாலும் சரிங்க. அந்த சாக்பீஸ் கோட்டை நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

பெரிய கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாளை வேலு அடிக்கடி சொல்லச் சொல்லிக் கேட்பான். அன்று நான் நன்றாகத்தான் செய்தேன், அதை மறைக்கவில்லை. பாதி போட்டிருக்கிறோம், பண்ருட்டிப் பக்கமிருந்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்ஜினியர் கடலூர் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. தூணில்லாத கூரை. அந்த இடத்தில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட மாதிரி காலத்துக்கும் பலவீனம். நிறுத்தாவிட்டால் மழை சிமெண்டைக் கழுவிக்கொண்டு போகும். தார்ப்பாய்களைக் கட்டி, ஆட்களை இரண்டாகப் பிரித்து, போட்டு முடி என்றேன்.

"மழைல நனஞ்சிகினே போடச் சொல்றியே, எங்கள பாத்தா மனுசனா தெரியிலயா ஒனக்கு?" என்று கொளஞ்சி கத்தினான். கத்திக்கொண்டே போட்டான். கூரை நின்றது.

மறுநாள் மேடம் வந்து பார்த்துவிட்டு, "இது என் பில்டிங் இல்லைங்க மேஸ்திரி, உங்களது" என்றார். தலைவர் எனக்குச் சால்வை போர்த்தினார். அந்தச் சால்வைதான் வீட்டு பீரோவில் இருக்கிறது. மேடம் சொன்னது மரியாதைக்கு ஒரு வார்த்தை. நான் அதைப் பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்களை அழைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் மாடிக்கு வரவேண்டிய ஜாலிக் கற்கள் வந்து இறங்கின. லாரியைத் திறந்தால் பாதிக்கு மேல் உடைந்து கிடந்தன. மறுபடி வார்த்து, காயவைத்து, கொண்டுவர நாள் இல்லை. நல்ல கற்களை வைத்து வேலையை ஆரம்பிக்கலாம், மிச்சத்துக்குத் துணி கட்டிவைக்கலாம், விழாவுக்குப் பிறகு முடிக்கலாம். மேடத்துக்குப் போன் போட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"சாம்பல் செங்கல்லு நிறைய மிச்சம் இருக்கு. முழுசா கட்டி பூசிடு" என்று கொளஞ்சியிடம் சொன்னேன்.

"ஓட்ட வைக்க வேணாமா?"

"பொம்பளைங்க இருக்கற எடம்டா. அவங்க வூட்டுப் பொம்பளைங்கள கீழ இருக்கற ஆம்பளைங்க பாக்கற மாதிரி ஓட்ட வச்சா நல்லாவா இருக்கும்? நாமளே மரியாதையா மூடிடுவோம்."

"மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு கட்டலாமே. அப்பறம் இடிக்கச் சொன்னா நான்தான் இடிக்கணும்."

"அது என் பொறுப்பு. நீ கட்டு."

மரியாதை என்று நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. உடைந்த கல்லுக்காக நான் சாக்குச் சொல்லவில்லை. மனதார மரியாதை என்றே நினைத்தேன். முஸ்லிம் பெண்கள் என்றால் இப்படித்தான் விரும்புவார்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் பார்த்ததும், மார்க்கெட்டில் பார்த்ததும்தான். அவர்களில் ஒருவரிடமாவது போய்க் கேட்டேனா? பாத்திமா டீச்சர் வீடு சைட்டுக்குப் பின்தெருவில்தான்.

தலைவர் வந்து பார்த்தார். "அன்னைக்கு மேடம் இதைப் பத்தி ஏதோ சொன்னாங்களே மேஸ்திரி?" என்றார்.

"அது டிசைனுக்கு பாய். இதுதான் கௌரவமா இருக்கும். சத்தத்துக்குத்தான் ஸ்பீக்கர் வைக்கிறோமே" என்றேன்.

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்று இறங்கிப் போனார். வெள்ளை அடித்து முடித்ததும் தூரத்தில் நின்று பார்த்தேன். வழவழவென்று, ஒரு கோடு கோணல் இல்லாமல் இருந்தது. என் கையால் கட்ட வைத்ததில் அவ்வளவு நேர்த்தியான சுவர் வேறு இல்லை.

திறப்பு நாள் வெள்ளிக்கிழமை. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அம்மா வரவில்லை, தமிழு, உனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்டாள். வெளியே பந்தலில் என்னைப் போன்ற விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து பக்கத்துப் படிக்கட்டில் ஏறினார்கள். வயசானவர்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஏற்றினார்கள். பள்ளிவாசலுக்குள் இன்றுதான் முதல் தடவை காலை வைக்கிறேன் என்று ஒரு அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

தொழுகை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மைக் நின்றது. கரண்ட் போகாத ஊரில், அந்த நேரம் பார்த்து, ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டது. எலக்ட்ரீஷியன் தம்பி ஆபீஸ் ரூமுக்கு ஓடினான். மாடி ஸ்பீக்கருக்கான சுவிட்ச் போர்டு பெண்கள் படிக்கட்டின் மேல்திருப்பத்தில் இருந்தது. அதை வைத்தவன் நான். அதைப் பார்க்கிறேன் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் தலையைத் திருப்பினேன். ஆனால் கண்ணில் பட்டுவிட்டது. வரிசை வரிசையாக எல்லோரும் நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தார்கள். சஜ்தா என்பார்கள். ஹஜ்ரத் குரல் கொடுத்தால் எழ வேண்டும். கட்டட வேலை நடந்தபோது ஷெட்டில் அவர்கள் தொழுததைப் பார்த்துப் பார்த்து எனக்கு அவ்வளவு தெரியும்.

படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கீழே ஹஜ்ரத் குரல் லேசாகக் கேட்டது. ஆண்கள் எழுந்து நிற்கிற சரசரப்பும் கேட்டது. கீழே மைக் இல்லாவிட்டாலும் குறை இல்லை, முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை எழுந்துவிடும். உள்ளே இவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. தெர்மல் பவர் ஸ்டேஷன் சாம்பல் உள்ளே வரும் என்று கண்ணாடி ஜன்னல்களையும் நான்தான் இறுக்கமாக மாட்டியிருந்தேன். எதிரே முழுச் சுவர். கீழே எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள், மேலே எல்லோரும் விழுந்தபடி கிடக்கிறார்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கையோடு குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

என் கை சுவிட்சில் இருந்தது. போட்டுப் போட்டுப் பார்த்தேன். சுவிட்சில் ஒன்றும் இல்லை. எழுந்திருங்கள் என்று கத்தலாமா என்று தோன்றியது. நான் யார் அதைச் சொல்ல? உள்ளே ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. ஓரத்தில் ஒருவர் மெதுவாக நிமிர்ந்தார், பக்கத்தில் யாரும் நிமிரவில்லை என்று திரும்பவும் குனிந்தார். பிறகு ஒருவர் எழுந்து நின்றார். ஒருவர் உட்கார்ந்தே இருந்தார். வரிசை கலைந்து, ஆளுக்கு ஒரு நிலையில் தவித்தார்கள். கடைசியில் திடீரென்று ஸ்பீக்கர் உயிர் பெற்றது. அதில் வந்தது ஸலாம், தொழுகை முடிந்ததற்கான வார்த்தை. அப்போதும் பலபேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் இறங்கத் திரும்பினேன். வாசலில் செருப்புகளுக்கு நடுவில் புழுதி படிந்த நீலக் கேன்வாஸ் ஷூ இருந்தது.

முதலில் இறங்கி வந்தவர் பாத்திமா டீச்சர். முட்டி வலிக்காகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அந்தச் சுவர யார் கட்டச் சொன்னது மேஸ்திரி?"

"நான்தாங்க டீச்சர். உங்களுக்கெல்லாம் மரியாதையா இருக்கும்னு..."

"இத்தன வருஷம் ஸ்கூல்ல பசங்க முன்னாடி நின்னு கணக்கு எடுத்தேன். மைன்ஸ் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். எங்கயும் யாரும் என்னை ஒளிச்சு வைக்கல. தொழ வந்த எடத்துல ஒளிச்சு வச்சிட்டீங்களே" என்றார். குரலை உயர்த்தவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்.

மேடம் கடைசியாக வந்தார். ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "போன் இருந்துச்சா மேஸ்திரி?"

"இருந்துச்சுங்க."

முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

பிள்ளைகளே, நான் வெட்கப்படுவது இதுவரைக்கும் சொன்னதற்கு மட்டும் இல்லை. கீழே தலைவர் எலக்ட்ரீஷியன் தம்பியைப் பிடித்து எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். "மைக்குதான் மானத்தை வாங்கிடுச்சு. புது செட் போட்டா சரியாப் போயிடும்" என்று மற்றவர்களும் சொன்னார்கள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மைக் போனால் போகட்டும், கண் இருந்தால் போதும் என்றுதானே மேடம் அந்தச் சுவரை வரைந்தார். எனக்கு அது அப்போது தெளிவாகப் புரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பந்தலில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வையுங்கள் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறு சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். புது மைக் கணீரென்று கேட்டது. பெண்கள் படிக்கட்டில் ஒரு செருப்புகூட இல்லை.

தொழுகை முடியும்வரை கேட்டில் நின்று, தலைவரிடம் போய்ச் சொன்னேன். "பாய், மாடிச் சுவர இடிக்கணும்."

"திறந்து ஒரு வாரம்தான் ஆகுது மேஸ்திரி. இடிச்சா ஊர் சிரிக்காது?"

"என்னைப் பாத்துச் சிரிக்கட்டும் பாய். தப்பா கட்டினது நான். மைக் இல்ல."

அவர் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். "நானும் சுவரைத் தட்டிப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னவன்தான்" என்றார். அந்த எலக்ட்ரீஷியன் தம்பியைத் தேடிப்போய் இரண்டு பேரும் சொன்னோம். அவன் "பரவாயில்லண்ணே" என்றான். முகத்தில் பரவாயில்லை தெரியவில்லை.

கொளஞ்சி சம்மட்டியோடு வந்தான். "சொன்னேன்ல, நான்தான் இடிக்கணும்னு" என்றான். நான் அவன் கையிலிருந்து சம்மட்டியை வாங்கிக்கொண்டேன். நேர்த்தியாகக் கட்டிய சுவர் லேசில் விழாது. அன்றுதான் எனக்கு அது தெரிந்தது.

புது ஜாலிக் கற்கள் வந்ததும், மேடத்துக்குப் போன் செய்து உயரம் கேட்டேன். டிராயிங்கில் இருக்கிறதே என்றார். இருந்தாலும் உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். கட்டி முடித்த அன்று டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார், பார்த்தார், நகர்ந்துகொண்டார். "நீங்க உக்காருங்க மேஸ்திரி" என்றார்.

உட்கார்ந்தேன். கீழே மாடம் தெரிந்தது. மேலே கீற்றிலிருந்து வெளிச்சம் ஹஜ்ரத் நிற்கும் இடத்தில் நேராக இறங்கியது. கீழே யாரோ விளக்குமாற்றால் கூட்டுகிற சத்தம் பக்கத்தில் கூட்டுகிற மாதிரி கேட்டது. அஸ்திவாரத்திலிருந்து கூரை வரைக்கும் அந்தக் கட்டடத்தில் என் கால் படாத இடமில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை.

அதனால் வேலு, உன் பையில் டேப்போடு ஒரு சாக்பீஸும் இருக்கட்டும். யார் புழங்கப் போகிறார்களோ அவர்களை உட்கார வைத்துக் கோடு போடு. தமிழு, உன் டிராயிங்கைப் பார்த்து எந்த மேஸ்திரியாவது சரிங்க என்று சொன்னால் விட்டுவிடாதே. என்ன புரிந்தது என்று அவன் வாயால் சொல்ல வை. அவன் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ளட்டும்.

அதான் சரி பண்ணிட்டீங்களே அப்பா என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்வீர்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஜாலி கட்டி முடித்த வெள்ளிக்கிழமை நான் மறுபடி கேட்டில் போய் நின்றேன். பெண்கள் படிக்கட்டில் செருப்புகள் இருந்தன. டீச்சரின் கறுப்புச் செருப்பு முதல் படியில் இருந்தது. மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் திறப்பு நாளில் படி நிறைந்து கீழே மண் வரைக்கும் கிடந்தன, இப்போது நான்கைந்து படியோடு நின்றுவிட்டன. இன்றைக்குத்தான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டு ஏறினாரே ஒரு அம்மா, அவரைத் தேடினேன். அதற்குப் பிறகும் சில வெள்ளிக்கிழமை தேடினேன். அவர் வரவில்லை.